கைக்கோடாரிப் படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்

(எங்கள் தெரு கைவேலைக் குழு, அரியாங்குப்பம். சனிக்கிழமை காலை.)

நான்: ஒரு மாதமாக நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்த கைக்கோடாரி இதுதான். 2024 ஃபெஞ்சல் புயலில் முருங்கை மாடிமேல் சாய்ந்தபோது வீட்டில் தேங்காய் வெட்டும் கத்தியைத் தவிர ஒன்றும் இல்லை, அன்றைக்கே முடிவு செய்தது. தலை 14 செ.மீ. நீளம், வாய் (வெட்டுகிற விளிம்பு) 10 செ.மீ., கீழே தாடி மாதிரி இறங்கும், நடுவில் அழகுக்கு மூன்று துளை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கலாம் என்று இருக்கிறேன். காம்பு 40 செ.மீ., சவுக்கு. குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டு அக்கா: யாரை வெட்டப் போகிறாய்?

நான்: விறகுதான் அக்கா.

எதிர்வீட்டு அக்கா: இந்தத் தெருவில் விறகு வைத்து எரிப்பதே நான் ஒருத்திதான். அதுவும் பொங்கலுக்கு மட்டும்.

லேத் அண்ணன்: படம் ஜோர். ஆனால் எடைக்குக் கணக்குப் போட்டாயா? நீளம் 14, சராசரி அகலம் 7, சராசரி கனம் 1.6 என்று வைத்தால் 157 கன செ.மீ. காம்பு ஓட்டைக்கு 34 கழித்தால் 123. இரும்பு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம், பெருக்கிப் பார், தலை மட்டும் 965 கிராம் வருகிறது. ஒற்றைக் கையால் நூறு முறை ஓங்கினால் மறுநாள் டீ கிளாஸைத் தூக்க மாட்டாய். 700 சொச்சத்துக்கு மேல் போகாதே.

நான்: எடையை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. அந்த மூன்று துளையால் குறையாதா?

லேத் அண்ணன்: 10 மி.மீ. துளை மூன்று போட்டால் இருபது, முப்பது கிராம்தான் குறையும். அதற்காக, தோய்ச்சல் போடும்போது (காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிரவைத்து இறுக்கும்போது) விரிசல் கிளம்ப நீயே மூன்று இடம் காட்டிக் கொடுக்கிறாய். எடுத்துவிடு.

கடலூர் சித்தப்பா: சவுக்கு வேண்டாம்டா. தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை. எங்கள் வாசலில் வேம்பு விழுந்து கதவைத் திறக்க முடியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் தோப்பில் வெட்டிய பச்சைச் சவுக்கில் கோடாலிக்குக் காம்பு போட்டிருந்தேன், அது காய்ந்து சுருங்கியது எனக்குத் தெரியாது. பத்தாவது வெட்டில் தலை கழன்று, உன் சித்தியின் காது ஓரமாகப் பறந்து கிணற்றில் விழுந்தது. இன்னும் கிணற்றில்தான் கிடக்கிறது. சித்தியும் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான்: தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகாதா சித்தப்பா?

கடலூர் சித்தப்பா: ஊறியிருக்கும் வரை இறுகும். காய்ந்தால் முன்பைவிட மோசமாக ஆடும்.

தச்சர் மாமா: அப்பா சொல்கிறார், அவர் மகள் தட்டுகிறேன். கருவேலம் போடு, வண்டிச் சக்கரத்துக்கே அதுதான். இல்லாவிட்டால் புளி. எதுவானாலும் வைரம் பாய்ந்த கட்டையாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், வெளிர்ப்பகுதி கூடாது. நார் காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும், குறுக்கே வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். அப்புறம் படத்தில் காம்பை விளக்குமாற்றுக் கட்டை மாதிரி உருண்டையாகப் போட்டிருக்கிறாயாம். முட்டை வடிவத்தில் இழை, அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். வார்னிஷ் அடிக்காதே, கை கொப்பளிக்கும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும்.

லேத் அண்ணன்: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடு. சரி, ஸ்பிரிங் பட்டைக்கு வருகிறேன். பட்டையின் கனம் 8, 10 மி.மீ.தான், உன் காம்பு ஓட்டையின் அகலமே 18. எப்படி ஓட்டை போடுவாய்?

நான்: 😶

லேத் அண்ணன்: பழைய முறை என்றால், மென்மையான இரும்பை மடித்து ஓட்டை அமைத்து, வாய்க்கு மட்டும் ஸ்பிரிங் பட்டை இரும்பைச் செருகி, வெங்காரம் தூவி உலையிலேயே ஒட்டவைப்பார்கள். கைதேர்ந்த ஆசாரி செய்தால் அருமையாக வரும். நீயும் நானும் செய்தால் இரண்டாகப் பிரிந்து வரும்.

ஸ்கிராப் தம்பி: அண்ணா, எதற்கு இவ்வளவு? பழைய சுத்தியல் தலை ஒன்று வாங்குங்கள். ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பக்கத்தைக் காய்ச்சி அகட்டி அடித்தால் வாய், மறு பக்கம் சுத்தியலாகவே இருக்கட்டும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்க்கலாம்.

லேத் அண்ணன்: இந்தப் பயல் சொல்வதுதான் சரி. இரண்டு பவுண்டு, அதாவது 900 கிராம் தலை எடு, காய்ச்சும்போது செதில் உதிர்ந்து, சாணையில் போனது போக நான் சொன்ன எடைக்கு வந்து நிற்கும். வார்ப்பிரும்பு மட்டும் வாங்கிவிடாதே, அடித்தால் சிதறும். சாணைக்கல்லில் லேசாக வைத்துப் பார், கம்பி மத்தாப்பு மாதிரி பொறி பூத்தால் எஃகு, மங்கலாகச் சிவந்து சட்டென்று அடங்கினால் வார்ப்பு.

தச்சர் மாமா: அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். சுத்தியல் ஓட்டை கோடாலி ஓட்டையைவிடச் சின்னது, காம்பின் கழுத்து மெலியும். குறி தவறிக் காம்பால் கட்டையை அடித்தால் அங்கேயே போய்விடும். அதனால் பெரிய மரத்துக்கு இதை எடுக்காதே.

நான்: கிளை, தேங்காய் மட்டை, அவ்வளவுதான் மாமா. அண்ணா, தோய்ச்சல்?

லேத் அண்ணன்: வாய்ப்பக்கம் மூன்று செ.மீ. மட்டும். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி எண்ணெயில் இறக்கு, தண்ணீரில் இறக்கினால் சில இரும்பு டிங் என்று கீறும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை போச்சு. பிறகு வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கம் மெதுவாகச் சூடு கொடு. வைக்கோல் நிறம் முதலில் நகர்ந்து வரும், அடுத்து பழுப்பு, அதன் பின்னால் ஊதா. ஊதா வாயைத் தொடும்போது நிறுத்து. நீலம் தாண்டவிட்டால் கூர் நிற்காது, வைக்கோலிலேயே நிறுத்தினால் முடிச்சில் பட்டு வாய் பெயரும்.

எதிர்வீட்டு அக்கா: எண்ணெய் என்றதும் சொல்கிறேன், என் வீட்டில் கேட்காதே.

நான்: வடை சுட்ட பழைய எண்ணெய் கூடவா?

எதிர்வீட்டு அக்கா: அது இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்.

(இரவு)

நான்: இதோ புதுப் படம். தாடி போயிற்று, துளை போயிற்று, வாய் 7 செ.மீ. அட்டையில் வெட்டி ஒரு கட்டையில் செருகிப் பிடித்துப் பார்த்தேன், 40 செ.மீ. காம்பு என் கைக்கு நீளம், 36 போதும்.

எதிர்வீட்டு அக்கா: இது கடையில் தொங்குகிற கோடாலி மாதிரியே இருக்கிறதே. ஒரு மாதமா வரைந்தாய்?

ஸ்கிராப் தம்பி: 😂😂

லேத் அண்ணன்: வரைந்ததால்தான் இங்கே வந்தான், விடு. நாளைக் காலை ஏழு மணிக்கு நானும் சந்தைக்கு வருகிறேன். அங்கே சாணைக்கல் கிடையாது, பையில் ஒரு அரம் போட்டுக்கொள். சுத்தியல் முகத்தில் அரம் வழுக்க வேண்டும், கடித்தால் வாங்காதே.

எதிர்வீட்டு அக்கா: அப்படியே பழைய தேங்காய்த் துருவி இருந்தால் எனக்கு ஒன்று பார். அதற்கும் அரம் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்காதே, பல் இருந்தால் போதும்.