அப்பாவுக்கு நல்ல தளங்கள் சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே, ஒரு உதவி. ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா டேப்லெட்டும் கையுமாகத்தான் இருக்கிறார். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தைக் காட்டினேன், சங்கப் பாடல்களில் மூழ்கிவிட்டார். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற தளம்.

இப்போது தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம்தான் பைத்தியம். ஸ்கேன் பண்ணிய பக்கத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை'யைப் பெரிதாக்கி என் மகளிடம் காட்டினார். "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கே தாத்தா!"

பழைய இசைத்தட்டுப் பாட்டு, கல்வெட்டு, வானவியல் பற்றி இதுபோல் என்ன இருக்கிறது? லாகின் கேட்காமல், விளம்பரம் குறுக்கே பாயாமல் இருந்தால் புண்ணியம். போன வாரம் எதையோ தொட்டு, "உங்களுக்குப் பரிசு" என்று வந்ததும் பதறிப்போய் டேப்லெட்டையே அணைத்துவிட்டார். யூடியூப் வேண்டாம், அதில் அவர் எனக்கே பாடம் எடுப்பார்.