பாட்டியின் நினைவும் பழைய வரைபடமும்: காசு தேடியவர்களின் அனுபவப் பகிர்வு

கென்ட்வாசி:

பழைய வரைபடம் ஒன்று கிடைத்தால் போதும், மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காசை அள்ளிவிடலாம் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். வரைபடம் கட்டடத்தைத்தான் காட்டும். அந்தக் கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் ஆட்கள் கூடினார்கள், எங்கே பணம் கைமாறியது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு பாட்டி வேண்டும். எனக்கு வாய்த்தவர் என் மனைவியின் பாட்டி.

மனைவியின் குடும்பம் லண்டனின் கிழக்குப் பகுதியான பாப்லரைச் சேர்ந்தது. பாட்டியின் சிறுவயதில், செப்டம்பர் வந்தால் அந்தத் தெருக்களில் பாதிப் பேர் லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கும் கென்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். ஹாப்ஸ் பறிக்கும் வேலை. பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற அந்தப் பூவைக் கொடியிலிருந்து கையால்தான் பறித்தார்கள். தாய்மார்களும் பிள்ளைகளும் பாத்திரம் பண்டத்தோடு லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறுவார்கள். அப்பாக்கள் சனிக்கிழமை மட்டும் வந்து போவார்கள். தங்குவதற்குப் பண்ணையில் தகரக் குடிசைகள் வரிசையாக இருக்கும். படுக்கை என்பது வைக்கோல் திணித்த உறை. சமையல் பொதுக் கொட்டகையில். பறிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு, 1960களோடு இந்த வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோனது.

குடும்ப வரலாறு என்றதும் எல்லோரும் மக்கள்தொகைக் கணக்கைத்தான் தேடுவார்கள். இந்த விஷயத்தில் அதனால் பைசாவுக்குப் பயனில்லை. 1901 கணக்கு மார்ச் 31 அன்று எடுக்கப்பட்டது. 1911இல் ஏப்ரல் 2. 1921இல் ஜூன் 19. ஹாப்ஸ் பறிப்போ செப்டம்பரில். எனவே தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்குப் போன குடும்பம்கூட ஏட்டில் பாப்லரிலேயேதான் உட்கார்ந்திருக்கும். 1939 செப்டம்பர் 29 அன்று, போர் தொடங்கிய கையோடு எடுத்த மக்கள் பதிவேட்டையும் பார்த்தேன். அதிலும் பாப்லர் முகவரிதான்.

பாட்டிக்குப் பண்ணையின் பெயர் நினைவில்லை. ஆனால் ஸ்டேஷனிலிருந்து நடந்த வழி நினைவிருந்தது: இறங்கியதும் ஓடைப் பாலம், பிறகு ஒரு மேடு, மேட்டின் மேல் ஹாப்ஸ் உலர்த்தும் வட்டக் கோபுரங்கள் இரண்டு, அதைத் தாண்டிக் குடிசைகள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில், பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். மைலுக்கு 25 அங்குல அளவில் வரைந்த தாள்களில் அந்த உலர்த்தும் கோபுரங்கள் சின்னச் சின்ன வட்டங்களாகவே தெரியும். ஸ்டேஷனிலிருந்து பாதையைப் பிடித்துக்கொண்டே போனேன். ஓடையின் மேல் ‘எஃப்.பி.’ என்று ஒரு நடைபாலம், இரண்டு வட்டங்கள், அதற்கு அப்பால் பெயர் எதுவும் போடாத ஒல்லியான நீளக் கட்டடம், உள்ளே குறுக்குக் கோடுகள். பக்கத்தில் ‘பி.’ என்று ஓர் எழுத்து. பம்பு இருக்கிறது என்பதற்கான குறி அது. அச்சிட்ட தாளைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, “பம்புக்கு மூன்றாவது எங்களுடையது” என்றார்.

இன்று அந்த இடம் ஆடு மேயும் புல்வெளி. நிலத்துக்காரருக்குக் கடிதம் எழுதினேன். பாட்டி சிறுமியாக, பறித்த பூவைப் போடும் சாக்குத் துணித் தொட்டியருகே நிற்கும் பழைய புகைப்படத்தின் நகலையும் வைத்தேன். கருவியின் பெருமையைப் பற்றி எழுதியிருந்தால் பதில்கூட வந்திருக்காது என்பது என் கணிப்பு. படம் வேலை செய்தது. கிடைப்பதில் பாதி அவருக்கு, கேட்டைச் சாத்த வேண்டும், ஆடு குட்டி போடும் பருவத்தில் வரக்கூடாது என்ற நிபந்தனைகளோடு எழுத்துமூலம் அனுமதி தந்தார்.

குடிசை வரிசைமேல் முதலில் கருவியை ஓட்டினால் காது கிழிந்துவிடும். துருப்பிடித்த தகரம், ஆணி, கொடிகளை ஏற்றிக் கட்டிய கம்பி, கொக்கிகள். சமையல் கொட்டகை இருந்த இடத்தில் கரிக்கட்டியும் சாம்பலும்கூட நல்ல சிக்னல் போல நடிக்கும். கருவியின் நுனியில் சின்னத் தேடும் வளையத்தை மாட்டி மெதுவாகத்தான் போக வேண்டியிருந்தது. பொத்தான், தகர டப்பா மூடி, உடைந்த கரண்டி என்று வந்ததே தவிர, காசு சொல்லும்படி இல்லை.

பாட்டியோடு திரும்பப் பேசியபோதுதான் அது வெளியே வந்தது. சனிக்கிழமை மாலை அப்பாக்கள் வந்ததும் சமையல் கொட்டகையின் பின்புறம் பென்னி என்ற சில்லறைக் காசுகளைச் சுண்டிப் பந்தயம் ஆடுவார்களாம். சட்டப்படி குற்றம் என்பதால் போலீஸ் வருகிறதா என்று பார்க்கக் குழந்தைகளை நிறுத்துவார்கள். வேலியோரம் காவல் நின்றவர்களில் பாட்டியும் ஒருவர்! இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று பாட்டியின் மகள் கேட்டதற்கு, “நீங்கள் கேட்கவில்லையே” என்று பதில்.

கொட்டகைக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் இடம். அங்கேதான் பென்னிகள் வந்தன. கென்ட்டின் வீல்ட் பகுதிக் களிமண் ஈரத்தில் சோப்புக்கட்டி போல வழுக்கும். முதல் காசை விரலால் தேய்த்ததும் பச்சை நிறத்துக்கு அடியில், பிரிட்டன் நாட்டையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் முக்காடு போட்ட கிழ விக்டோரியா, தேய்ந்து மூக்கு மட்டும் மிச்சம். 1895 அல்லது அதற்குப் பிந்திய அச்சு. அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை. 1971இல் பழைய பவுண்டு-ஷில்லிங்-பென்னிக் கணக்கு ஒழியும்வரை விக்டோரியா காசும் புழக்கத்தில் இருந்ததால், அரசியின் தலையை வைத்துத் தொலைத்த ஆண்டைச் சொல்ல முடியாது. பன்னிரண்டு பக்கம் கொண்ட மூன்று பென்னிக் காசு ஒன்றும் வந்தது. அது 1937இல்தான் தொடங்கியது. ஆகவே அது பாட்டியின் காலத்தில் விழுந்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது காசே இல்லை. மேட்டின் மேல் பழைய தோட்டப் பக்கம் கிடைத்த ஈய வில்லை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கரடுமுரடாக இரண்டு எழுத்துகள். பணம் கொடுப்பதற்கு முன், பறித்த அளவுக்குக் கணக்காகப் பண்ணைக்காரர்கள் கொடுத்த டோக்கன். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தரும் வழக்கத்தைப் பணமாக மாற்றிய 1836ஆம் ஆண்டு தசமபாகச் சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராக எடுத்த வரைபடங்களோடு ஒரு பட்டியலும் உண்டு: வயல் எண், வயலின் பெயர், உரிமையாளர், பயிரிடுபவர், பரப்பளவு. அந்த வயலில் பயிரிட்டவரின் பெயரும் குடும்பப் பெயரும் அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கின. விற்கப் போனால் அந்த வில்லைக்குப் பெரிய விலை கிடைக்காது. நிலத்துக்காரர் தம் பாதியை வேண்டாம் என்றார். வில்லையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

வெர்மான்ட் பனி:

அமெரிக்காவின் வடகிழக்கில் இந்த வேலை இன்னும் சுலபம். 1860, 70களில் பியர்ஸ் என்பவர் மாவட்டம் மாவட்டமாக வெளியிட்ட அட்லஸ்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி, புள்ளியருகே குடும்பத்தின் பெயர். என் பக்கத்து வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா பெயர் அப்படியே இருந்தது. இப்போது அங்கே காடு. நிலவறைக் குழியும் கல்வேலியும் மட்டும் மிச்சம். வாசல் இருந்த இடத்தில் லைலாக் புதர் இன்னும் பூக்கிறது. வீட்டில் கிடைத்த பழைய கடிதம் ஒன்றில், கொள்ளுப்பாட்டி பெரிய கல்லின் மேல் உட்கார்ந்து முட்டை விற்றதாக ஒரு வரி. கல் இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பெரிய செப்பு சென்ட்டும், செவ்விந்தியர் தலை போட்ட சின்ன சென்ட்டுகளும் கிடைத்தன. பெரிய சென்ட் 1857இல் நின்றுபோனது. தனியார் காடு, உரிமையாளரே கூட நின்றார்.

யார்க்ஷயர் மாப்பிள்ளை:

என் மாமனார் வீட்டில் ஒரு கதை: கொள்ளுத்தாத்தா சாவதற்கு முன் ஆப்பிள் மரத்தடியில் ஜாடி நிறையத் தங்க சவரன் புதைத்தாராம். தோண்டலாமா?

கென்ட்வாசி:

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் 1858 முதலான உயில் பதிவுப் பட்டியலைப் பாருங்கள். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு அதில் இருக்கும். இருபது பவுண்டு வைத்துவிட்டுப் போனவர் ஜாடி நிறையப் புதைத்திருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். புதைத்த கதையைவிடத் தொலைத்த கதைதான் நமக்கு உதவும்.

ஒருவேளை 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்கம் அல்லது வெள்ளிக் காசு இரண்டு சேர்ந்து வந்துவிட்டால், 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் அப்பகுதி கொரோனருக்கு (மரண விசாரணையோடு புதையல் விசாரணையும் செய்யும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். மாமனாருக்கு முன் அவருக்கு!

வைகைக்கரை:

அண்ணா, எங்கள் தாத்தாவின் பழைய பத்திரத்திலும் வயலின் நான்கெல்லை தெளிவாக இருக்கிறது. மதுரைப் பக்கம் இதைச் செய்து பார்க்கலாமா?

கென்ட்வாசி:

கருவி வாங்குவதற்கு முன் யோசியுங்கள், தம்பி. அங்கே 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. பத்திரத்தையும் புல வரைபடத்தையும் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். களம் எது, சந்தை கூடிய இடம் எது, வண்டிப்பாதை எப்படிப் போனது என்று எழுதிவையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.