ஞாயிறு பத்து மணிக்குச் சாப்பிட எங்கே போவது? சென்னையில் எட்டு வாரம் சுற்றிய பிறகு ஒரு கேள்வி

ஞாயிறு_பசி:

கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் நாங்கள். இப்போது வேளச்சேரி, அண்ணா நகர், தாம்பரம் என்று ஆளுக்கொரு மூலை. கல்யாணம், குழந்தை, ஷிப்ட் என்று ஆனபின் முகம் பார்ப்பதே அரிதாகிவிட்டது, அதனால் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு ஏதாவது ஓர் இடத்தில் சேர்ந்து சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். காலை டிபனும் மதியச் சாப்பாடும் அது ஒன்றுதான், அதாவது ப்ரஞ்ச். எட்டு வாரம் முடிந்துவிட்டது. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே, மயிலாப்பூர் ராயர் மெஸ், சைதாப்பேட்டை மாரி ஹோட்டல், ஒயிட்ஸ் ரோடு அமெதிஸ்ட், அப்புறம் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் மூன்று கஃபே, ஒரு நட்சத்திர ஹோட்டல் பஃபே.

ருசிக்கு மட்டும் மார்க் போட்டால் ரத்னாவின் சாம்பார் இட்லிதான் முதலிடம். இட்லி முழுகுகிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுகிறார்கள், தீர்ந்தால் மறுபடியும் ஊற்றுகிறார்கள். 1948இலிருந்து நடக்கிற கடை, அந்த ருசிக்கு நான் எந்த மூலையிலிருந்தும் வருவேன். ஆனாலும் கடைசியில் ஓட்டுப் போட்டபோது ஆறில் நாலு பேர் இனிமேல் கஃபேதான் என்றோம். நானும் அந்த நாலில் ஒருத்தி. மெஸ்ஸில் இருபது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டியிருக்கிறது. அத்தனை தூரம் வந்து இருபது நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் போதவில்லை. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

மந்தைவெளிக்காரன்:

முழுவதுமாக மறுக்கிறேன். ராயர் மெஸ்ஸுக்குப் பத்து மணிக்குப் போனோம் என்கிறீர்களே, தப்பு அங்கேதான் தொடங்குகிறது. கச்சேரி ரோட்டிலிருந்து திரும்பும் அந்தச் சந்துக்குள் ஏழரைக்கு நிற்க வேண்டும். நெய் மணக்கும் பொங்கல், அந்தக் கெட்டிச் சட்னி, வடை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு. பத்து மணிக்கு அவர்கள் காலை வேலையை முடிக்கிற தறுவாயில் போய் உட்கார்ந்துவிட்டு, மெஸ் சரியில்லை என்று ஓட்டுப் போடுவது நியாயமில்லை.

ப்ரஞ்ச் என்று புதிதாக ஒரு பெயர் வேண்டியதும் இல்லை. என் தாத்தா கோட்டையில் குமாஸ்தா. காலையில் காபி மட்டும். ஒன்பதரைக்குக் குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் ஆபீஸ் கிளம்புவார். டிபன் என்பது மூன்று மணிக்கு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. இரண்டு வேளையை ஒன்றாக்கிப் பத்து மணிக்குச் சாப்பிடுவது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான், அதற்கு வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டியும் அறுநூறு ரூபாயும் தேவைப்படவில்லை.

ஞாயிறு_பசி:

சார், தாத்தா சாப்பிட்டது ஆபீஸுக்கு ஓடுவதற்காக. நாங்கள் சேர்வது எங்கேயும் ஓடாமல் இருப்பதற்காக. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பதற்காக ஒன்றாகிவிடாது.

ப்ரஞ்ச் என்ற சொல்லை 1895இல் எழுத்தில் கொண்டுவந்தவர் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அது ஆட்களைக் கூடிப் பேச வைக்கும் சாப்பாடு என்பது. பேச்சுத்தான் அதில் முக்கியம். ஆறாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எங்களில் ஒருவனுக்கு வேலை போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது, யாருக்கும் தெரியாது. வந்து சேர்ந்து முக்கால் மணி நேரம் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தான், இரண்டாவது காபி வந்த பிறகு, தட்டெல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு, மெதுவாகச் சொன்னான். அன்று ஒரு மணி வரை அங்கேயே இருந்தோம். நம் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் இலைக்குக் காத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். பொங்கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

மந்தைவெளிக்காரன்:

உங்கள் நண்பருக்குச் சீக்கிரம் நல்ல வேலை அமையட்டும். அதில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் வேலை போனவன் வாரா வாரம் ஆயிரம் ரூபாய் பங்கு கொடுக்க வேண்டிய இடத்தில் கூடுகிறீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுப்படி_ஆள்:

அக்கா, சார், இரண்டு பேருக்கும் வணக்கம். நான் நாலு வருடம் ஒரு மெஸ்ஸில், இப்போது ஒரு கஃபேயில், இரண்டு அடுப்பிலும் நின்றவன். உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

மெஸ் ஏன் பத்தரைக்கு மூடுகிறது? மாவு தீர்ந்துவிடுகிறது. சனிக்கிழமை மதியம் ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்த மாவு அது. ஞாயிறு எத்தனை பேர் வருவார்கள் என்று சனிக்கிழமை மதியமே கணக்குப் போட்டாக வேண்டும். பத்து மணிக்குக் கூட்டம் வந்துவிட்டது என்று புதிதாக அரைத்தால் அது மறுநாளைக்குத்தான் ஆகும். மே மாதம் என்றால் இருக்கிற மாவும் பத்து மணிக்கு மேல் புளிப்பேறிவிடும். அதிகமாக அரைத்து மிஞ்சினால் நஷ்டம் முதலாளிக்கு.

உட்கார விடாததற்கும் காரணம் இருக்கிறது. ஒருத்தர் 130 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார், இருபது நாற்காலி, மூன்று மணி நேரம்தான் வியாபாரம். ஒரு நாற்காலியில் ஒரே ஆள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய கூலியே வராது. கஃபேயில் நீங்கள் கொடுக்கிற 600 ரூபாயில் ரொட்டிக்கும் முட்டைக்கும் போவது கொஞ்சம், மீதி அந்த நாற்காலிக்கும் ஏ.சி.க்கும் இடத்து வாடகைக்கும். அக்கா வாங்குவது நேரம், சார் வாங்குவது சாப்பாடு. இரண்டுக்கும் ஒரே விலைப் பட்டியல் வைத்துப் பார்ப்பதால்தான் இந்தச் சண்டை வருகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கஃபேயில் முட்டை மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் அடித்து ஹாலண்டைஸ் என்று ஒரு சாஸ் செய்வோம். சூடு கூடினால் முட்டை திரிந்துபோகும், ஆறினால் வெண்ணெய் இறுகும். அதனால் கூட்டம் குறையும்வரை அதைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலை எங்களுக்கு வாரத்திலேயே கடினமான வேளை. அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டைக்காரி:

இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன், பொங்கலையும் ரொட்டியையும் தவிர யாருமே வேறெதையும் பேசவில்லை. சென்னையில் பாதி வீடுகளில் ஞாயிறு என்றால் கறி. இட்லிக்குக் குடல் குழம்பு, ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ ஆட்டுக்கால் பாயா. காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலை மீன் வாங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் இந்த ஊர் அன்று என்ன சாப்பிடுகிறது என்று தெரியும். ஞாயிறு_பசி, எட்டு வாரத்தில் ஒரு வாரம்கூட பாயா கடைக்குப் போகவில்லையே, ஏன்? எங்கள் ஊர் மாரி ஹோட்டலுக்கு வந்தது சந்தோஷம்தான், அந்த வடைகறி வேறெங்கும் அப்படி வராது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ற நாள் அதோடு முடிந்துவிடவில்லை.

மந்தைவெளிக்காரன் சாருக்கும் ஒன்று. தாத்தா ஒன்பதரைக்குக் குழம்பு, ரசம் சாப்பிட்டார் சரி, பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தார்? எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? என் அம்மா ஞாயிறு அன்றுதான் அதிகம் வேலை செய்வாள். கறியைக் கழுவி, மசாலா அரைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மூன்று மணிக்கு உட்காருவாள். இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவளை வெளியே கூட்டிப் போகிறேன். அவளுக்குக் கஃபேதான் பிடிக்கிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை, பாத்ரூம் சுத்தமாக இருக்கிறது, மூட்டு வலிக்கு நல்ல நாற்காலி இருக்கிறது. மெஸ்ஸில் அந்தப் படியே அவளால் ஏற முடியவில்லை. இதைப் பேஷன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மந்தைவெளிக்காரன்:

பாட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. நாலரைக்கு எழுந்தார். அவர் எப்போது சாப்பிட்டார் என்று எனக்கு நினைவே இல்லை, அதுவே பதில்தான். அந்தப் பகுதியை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனால் கஃபே பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை. போன மாதம் என் மகள் கூட்டிப் போனாள், ஆறு பேர். சாப்பாடு 5,400. அதன் மேல் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம், 540. அந்தக் கட்டணத்தையும் சேர்த்து ஜிஎஸ்டி 5 சதவீதம், 297. மொத்தம் 6,237 ரூபாய். கேட்காமல் சேவைக் கட்டணத்தைப் பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நான் எடுத்துச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். சொல்லாதவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேரத்துக்கு விலை என்று தம்பி சொல்கிறார், சரி, அந்த விலையை மெனுவிலேயே போடட்டும்.

அடுப்படி_ஆள்:

அதில் சார் பக்கம்தான் நானும். அந்தப் பத்து சதவீதம் முழுசாக எங்கள் கைக்கு வரும் என்று நினைத்துத்தான் பலர் கட்டுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பைசா வந்ததில்லை. மனசு இருந்தால் பரிமாறுகிறவர் கையில் நேராகக் கொடுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

எல்லோரும் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் என்றே பேசுகிறீர்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து ஒயிட்ஸ் ரோடு போக எனக்கு ஒன்றரை மணி நேரம். ஏழரைக்கு ராயர் மெஸ் வாசலில் நிற்க வேண்டும் என்றால் நான் ஐந்தரைக்கு எழ வேண்டும், அது என் ஒரே விடுமுறை நாள். வாரம் ஒருவர் பக்கம் என்று சுற்றி வைக்கலாமே. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நல்ல டிபன் கடை இல்லையா?

ஞாயிறு_பசி:

எங்கள் குழுவின் தாம்பரத்துக்காரியும் இதைத்தான் சொல்கிறாள், எட்டில் மூன்று வாரம் அவள் வரவில்லை. இது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பாயாவும் அப்படித்தான், ஆறில் இருவர் சைவம் என்று நாங்கள் தேடவே இல்லை. அதற்காக மீதி நாலு பேர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை.

ஆனால் உட்கார இடம் வேண்டும் என்ற என் வாதத்தை நான் விடுவதாக இல்லை.

மந்தைவெளிக்காரன்:

அதை விட வேண்டாம். அதற்கு இந்த ஊரில் ஓர் இடம் இருந்தது. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 1962இல் திறந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் கண்ணாடியில் தட்டை மாட்டிக் கொண்டுவந்து தருவார்கள். கார் இல்லாதவனுக்கும் உள்ளே இடம் உண்டு. நானும் நண்பர்களும் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு காபியையும் பட்டூராவையும் வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிறு அங்கே கழித்திருப்போம்! யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. 2008இல் மூடினார்கள். 2010இல் அந்த நிலத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா நல்லதுதான், மரங்கள் இருக்கின்றன, ஆனால் பூரி கிடைக்காது. குறைந்த விலையில் நல்ல டிபன், மணிக்கணக்கில் உட்கார இடம், இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் இருந்தது. மூடியதிலிருந்து அதற்கு ஈடாக ஒன்று வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம், உங்கள் மேல் கோபமில்லை.

ஞாயிறு_பசி:

சார், அப்படி ஒன்று இருந்தால் நாங்கள் கஃபே பக்கம் திரும்பியே இருக்க மாட்டோம். இப்போது இல்லையே. இருப்பதை வைத்துத்தானே நான் முடிவு செய்ய வேண்டும்.

அடுப்படி_ஆள்:

அக்கா, ஒரு வழி சொல்கிறேன். பெரிய சைவ ஹோட்டல்களில் காலை டிபன் கூட்டம் பத்தே முக்காலுக்கு வடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் பன்னிரண்டுக்குத்தான். அந்த இடைவெளியில் ஏ.சி. ஹாலில் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாராளமாகப் பேசலாம், யாரும் பின்னால் நிற்க மாட்டார்கள். தாம்பரம் பக்கமும் இப்படி இடங்கள் உண்டு. ஒரே ஒரு விஷயம், ஊழியர்கள் காலைச் சாப்பாடு சாப்பிடுவது அப்போதுதான். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் பத்து தடவை கூப்பிட வேண்டாம். காபியைக் கடைசியில் கேளுங்கள், அப்போது மதியத்துக்கான புது டிகாஷன் இறங்கியிருக்கும்.

மந்தைவெளிக்காரன்:

பதினொரு மணிக்குப் பொங்கல் எங்கே இருக்கும் தம்பி?

அடுப்படி_ஆள்:

இருக்காது சார். இருந்தாலும் கெட்டியாகிப் போயிருக்கும், கேட்காதீர்கள். ரவா தோசை சொல்லுங்கள், அதற்குப் புளித்த மாவு வேண்டாம், அப்போதைக்குக் கரைப்பதுதான். பூரி சொல்லலாம், சாம்பார் வடை சொல்லலாம். பொங்கலுக்கு நீங்கள் சொன்ன ஏழரைதான்.

சைதாப்பேட்டைக்காரி:

ஞாயிறு_பசி, ஒன்பதாவது வாரம் அது. பத்தாவது வாரம் சைதாப்பேட்டை, பாயா. சைவம் சாப்பிடும் இருவருக்கும் மாரியில் வடைகறி வாங்கி வைக்கிறேன், எத்தனை பேர் என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.