ஏர்பேக் விளக்கு அணையவில்லை: மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாமா?

கேள்வி
சாவியைத் திருப்பினால் சில நொடி எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு இப்போது எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டீயரிங் சில கோணங்களில் இருக்கும்போது ஹாரனும் அடிப்பதில்லை. காரின் கோளாறுகளைப் படிக்கும் சின்ன ஓபிடி ரீடரில் எந்தக் கோடும் (கோளாறு எண்) வரவில்லை. ஸ்டீயரிங் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் தெரியுமா?

பதில் 1
மீட்டரை ஏர்பேக் பக்கமே கொண்டுபோகாதீங்க. உள்ளே இருக்கும் ஸ்குயிப் (ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் சின்னத் திரி) சுமார் 2 ஓம்தான். ஓம்ஸ் பார்க்க மீட்டர் அனுப்பும் கரண்ட்டே அதைப் பற்றவைக்கக் கூடும். "என் மீட்டரில் ஒன்றும் ஆகலையே" என்பவர் பேச்சை நம்பி முகத்தைப் பக்கத்தில் வைக்காதீங்க.

மலிவு ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். எஸ்ஆர்எஸ் மாட்யூலை, அதாவது ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனர் வேணும். அழிப்பதற்கு முன் கோடை எழுதிவையுங்க. அது இப்போது இருக்கும் கோளாறா, பழைய பதிவா என்றும் பாருங்க. டிரைவர் ஏர்பேக்கில் ரெசிஸ்டன்ஸ் அதிகம் அல்லது ஓபன் (இணைப்பு அறுந்தது) என்று வந்தால், ஹாரனும் விட்டுவிட்டு அடிப்பதால், முதல் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ரிப்பன் வயர்) மேல்தான். இரண்டின் வயரும் அதன் வழியாகத்தான் போகுது.

பதில் 2
கோளாறு எங்கே என்று உறுதி செய்யும் முறை: இக்னிஷன் ஆஃப், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்க. பிறகு சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்கணும். காருக்குக் கார் மாறும், 90 நொடி, 3 நிமிடம், அதற்கு மேலும் உண்டு. மோதலில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரியணும் என்பதற்காக மாட்யூலின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், அதுதான் காரணம்.

ஏர்பேக்கைக் கழற்றி, அதன் இடத்தில் மேனுவல் சொல்லும் மதிப்புள்ள ரெசிஸ்டரை (பெரும்பாலும் 2 ஓம் அளவு) மாட்டுங்க. பேட்டரியை இணைத்து கோடை அழித்து மறுபடி படியுங்க. திரும்ப வரலைன்னா கோளாறு ஏர்பேக்கில் அல்லது அதன் கனெக்டரில். வந்தால், பேட்டரியை மறுபடி கழற்றிக் காத்திருந்து, அதே ரெசிஸ்டரை கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே ஹார்னஸ் (காரின் வயர்க் கட்டு) பக்கம் மாட்டி, கோடை அழித்து மறுபடி பாருங்க. அங்கே கோடு போய்விட்டால் கிளாக் ஸ்பிரிங் போச்சு. அப்பவும் கோடு வந்தால் வயரிங் அல்லது மாட்யூல்.

ரெசிஸ்டர் இல்லாமல் கனெக்டரை வெறுமனே கழற்றிவிட்டு கோடு படிக்காதீங்க. சில கார்களில் கனெக்டருக்குள் இருக்கும் ஷார்ட்டிங் பார் இரண்டு பின்னையும் சேர்த்துவிடும். ஓபனுக்குப் பதில் ஷார்ட் காட்டிக் குழப்பும்.

பதில் 3
கழற்றிய ஏர்பேக்கின் மூடி உடம்பைப் பார்க்காதபடி பிடித்து, மூடி மேலே இருக்கும்படி வையுங்க. கவிழ்த்து வைத்தால், வெடிக்கும்போது அது ராக்கெட்.

புது கிளாக் ஸ்பிரிங் மாட்டும்போது முன் சக்கரங்கள் நேராக இருக்கணும், ஸ்பிரிங் நடுவில் பூட்டியபடியே ஏறணும். நடு தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே உள்ளே இருக்கும் ரிப்பன் அறுந்துவிடும்.

கோடு சைடு ஏர்பேக் அல்லது பெல்ட் பிரிடென்ஷனர் (மோதலில் சீட் பெல்ட்டை இறுக்குவது) என்று வந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைப் பாருங்க. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தியே அது தளர்ந்துபோகும். அங்கேயும் பேட்டரி கழற்றிக் காத்திருந்த பிறகுதான் கை.

பதில் 4
சோதிக்கப் போட்ட ரெசிஸ்டரை அப்படியே விட்டு விளக்கை அணைத்துக் கொடுப்பவர்களும் இருக்காங்க. விளக்கு அணையும், ஏர்பேக் விரியாது.