மவுஸ் அசைந்தாலே கணினி விழிக்கிறது: கீபோர்டுக்கு மட்டும் அனுமதி தர முடியுமா?

கேள்வி:
விண்டோஸ் 11 மேசைக்கணினி. ஸ்லீப்பில் போட்டபின் மேசை லேசாக அதிர்ந்தாலே விழித்துக்கொள்கிறது. சில நாள் நடுராத்திரியில் யாரும் தொடாமலே எழுகிறது. கீபோர்டு தட்டினால் மட்டும் எழ வேண்டும். இதே கணினியில் லினக்ஸும் இருக்கிறது. அங்கே என்ன வழி?

பதில் 1:
முதலில் எழுப்பியது யார் என்று பாருங்கள். விழித்த உடனே அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்" கொடுங்கள். (சில சமயம் வெறும் பூஜ்யம்தான் காட்டும்.) "பவர்சிஎஃப்ஜி /டிவைஸ்கொயரி வேக்_ஆர்ம்டு" என்றால் எழுப்பும் உரிமை உள்ள சாதனங்கள் எல்லாம் வரிசையாக வரும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போய், கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவர் புதுப்பித்தால் டிக் திரும்ப வந்துவிடலாம். மவுஸும் கீபோர்டும் ஒரே வயர்லெஸ் ரிசீவரில் இருந்தால் பெயர் பார்த்து எடுங்கள். ரிசீவரையே அடைத்தால் கீபோர்டும் போச்சு.

பதில் 2:
நடுராத்திரி விழிப்புக்கு மவுஸைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் டைமர் (குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் ஏற்பாடு), இல்லையென்றால் நெட்வொர்க் கார்டு. தூங்க வைக்கும் முன்பே "பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ்" கொடுத்துப் பாருங்கள். காத்திருக்கும் டைமரை மட்டுமே அது காட்டும், முடிந்துபோனதைக் காட்டாது. பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் பிரிவின் கீழ் வேக் டைமர்களை நிறுத்தலாம். நெட்வொர்க் கார்டில் தூரத்திலிருந்து எழுப்பும் தேவை இருந்தால், மேஜிக் பாக்கெட் (கணினியை எழுப்புவதற்கென்றே நெட்வொர்க்கில் அனுப்பும் செய்தி) வந்தால் மட்டும் என்ற டிக்கைப் போடுங்கள். தேவையில்லை என்றால் எழுப்பும் அனுமதியையே மொத்தமாக எடுத்துவிடலாம்.

பதில் 3:
லினக்ஸுக்கு: /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் கோப்பில் எக்ஸ்எச்சி என்று எழுதச் சொல்லிப் பல இடங்களில் இருக்கும். வேண்டாம். அது யுஎஸ்பி கன்ட்ரோலர் முழுவதையும் அடைக்கும், கீபோர்டு உட்பட. தவிர அது ஆன்-ஆஃப் சுவிட்ச் மாதிரி; இரண்டு முறை எழுதினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

/சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ் கீழே மவுஸுக்கான அடைவில் பவர்/வேக்கப் கோப்பு உண்டு. அதில் "டிசேபிள்டு" என்று எழுதுங்கள். எழுத்தை வெளியிடும் எக்கோ கட்டளைக்கு முன்னால் சூடோ (ரூட், அதாவது நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்டுவது) போட்டால் மட்டும் எடுபடாது, கோப்புக்குத் திருப்பிவிடும் அம்புக்குறியைக் கையாள்வது உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), அதற்கு ரூட் உரிமை இல்லை. சூடோ சேர்த்த டீ கட்டளை (தனக்கு வருவதைக் கோப்பில் எழுதுவது) வழியாக எழுதுங்கள். ரீபூட் ஆனால் இது அழிந்துவிடும். நிலையாக வேண்டுமென்றால் எல்எஸ்யுஎஸ்பி (யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) காட்டும் வெண்டர், பிராடக்ட் எண்களை வைத்து ஒரு யூடெவ் விதி (சாதனம் இணைந்ததும் தானாகச் செயல்படும் அமைப்பு) எழுதிவிடுங்கள். மவுஸை வேறு போர்ட்டில் செருகினாலும் வேலை செய்யும்.