கையை விட்டதும் இடது பக்கம் புரண்டு குத்துகிறது: சாயல்குடிப் பக்கம் முதல் ஆர்சி விமானம்

பனங்காட்டு ரெக்கை:

எல்லாருக்கும் வணக்கம். ஆர்சி விமானத்துக்கு (ரிமோட்டில் ஓட்டுற மாடல் விமானம்) நான் புதுசு. கையில் இருப்பது ஈபிஓ ஃபோம் (லேசான பிளாஸ்டிக் நுரை) ட்ரெய்னர், அதாவது புதுசா ஓட்டப் பழகுறவங்களுக்கான விமானம், ரெக்கை உடம்புக்கு மேலே உட்காரும் மாடல். ரெக்கை நீளம் 1100 மி.மீ., அகலம் 200 மி.மீ. மோட்டார் 2212, 1000 கேவி. ப்ரொப் (மோட்டார் சுத்துற விசிறி) 10x4.5. ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சாதனம்) 30 ஆம்பியர், 9 கிராம் செர்வோ (ரெக்கை, வால் மடிப்புகளை அசைக்கிற குட்டி மோட்டார்) நாலு, 3எஸ் 2200 லைப்போ (மூணு செல், 2200 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி), ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட். எல்லாம் சேர்த்து 740 கிராம்.

மூணு தடவை கையால் வீசியாச்சு. ஃபுல் த்ராட்டில் (மோட்டார் முழு வேகம்), கொஞ்சம் மேல் நோக்கி வீச்சு. மூணு தடவையும் மூக்கைத் தூக்கிக்கிட்டுப் போய், இடது பக்கம் புரண்டு, குத்திருச்சு. பேட்டரி மூக்குக்குள்ள முழுசா நுழையல, அதனால ரெக்கைக்கு நேர் கீழே வெல்க்ரோவில் ஒட்டியிருக்கேன். விரல் நுனியில் தாங்கினா ரெக்கையோட முன்விளிம்பிலிருந்து 85 மி.மீ.ல சமமா நிக்குது.

தப்பு எங்க இருக்கு? பழக இடம் கடற்கரையா, காய்ஞ்ச கண்மாயா? மணல், உப்புக்காத்து ரெண்டுக்கும் என்ன செய்யணும்?

பெல்லும் பேரிங்கும்:

தம்பி, 85ன்னு அளந்து சொன்னதுலயே பாதி பதில் வந்துருச்சு. 200 மி.மீ. அகல ரெக்கையில் அது 42 சதவீதம். இந்த மாதிரி ட்ரெய்னருக்கு சிஜி (எடை சமமா நிக்கிற புள்ளி) 25லிருந்து 33 சதவீதத்துக்குள்ள இருக்கணும், அதாவது 50 முதல் 66 மி.மீ. ஆரம்பத்துக்கு 58 வையுங்க. வால் கனமா இருக்கறதால மூக்கு தானாத் தூக்குது, வேகம் செத்துப்போகுது, ரெக்கை தூக்குற சக்தியை இழக்குது. கூடவே ஃபுல் த்ராட்டில். ப்ரொப் பின்னாலிருந்து பார்த்தா வலப்பக்கமாச் சுத்தும். அதோட எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் முறுக்கும். ஓடுற வேகத்துல எலிரான் (ரெக்கையோட பின்விளிம்பில் அசையற மடிப்பு) அதைச் சமாளிக்கும், வேகம் இல்லாதப்ப எலிரானுக்கு வேலையே கிடையாது. அதான் எப்பவும் இடது.

கணக்கு இப்படி: 740 கிராமை 27 மி.மீ. முன்னால நகர்த்தணும். பேட்டரி சுமார் 180 கிராம். 740 x 27 / 180 = 111. பேட்டரியை 11 செ.மீ. முன்னால தள்ளினாப் போதும். உள்ளே ஃபோமைக் கத்தியால செதுக்கி இடம் பண்ணுங்க, மோட்டார் தாங்குற பலகையைத் தொடாம. சோம்பல்பட்டு வலைக்குக் கட்டுற ஈயக்குண்டை மூக்குல திணிச்சா 80 கிராமுக்கு மேல தேவைப்படும். அந்த எடையையும் சேர்த்துத் தூக்க வேகம் கூட வேணும், இறங்கும்போதும் வேகம் கூடும். செதுக்குறதே மேல்.

அடுத்து மோட்டார் கோணம். பின்னாலிருந்து பார்க்கும்போது மோட்டார் வலப்பக்கம் 2 டிகிரி, கீழ்ப்பக்கம் 2 டிகிரி சாய்ஞ்சிருக்கணும். இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் அரை மி.மீ. வாஷர் ஒண்ணு போட்டா ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வரும். கீழ்ச்சாய்வுக்கு மேல் திருகுகளுக்கு அடியில.

வீசுறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. ரிமோட்டில் வலது தள்ளினா வலது ரெக்கையின் எலிரான் மேலே எழணும். தலைகீழா இருக்கறதைக் கவனிக்காமலே நிறைய பேர் முதல் நாளே ஃபோமை ஒட்டிக்கிட்டு இருப்பாங்க. ரெண்டாவது, பின்னால நின்னு ஒரு கண்ணை மூடி ரெக்கையைப் பாருங்க, முறுக்கு இருக்கா. வெயில்ல பைக் பின்னால கட்டிக் கொண்டு போன ரெக்கை முறுக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அப்புறம் மோட்டார் இல்லாம ஒரு வீச்சு. எதிர்க்காத்து லேசா இருக்கும்போது, புல் தரையில, தோள் உயரத்திலிருந்து கிடைமட்டமா, அம்பு எய்யற மாதிரி நேரா. 10, 12 மீட்டர் சரிஞ்சு போய் வயித்துல இறங்கினா சரி. எழும்பி நின்னு விழுந்தா இன்னும் வால் கனம். நேரா மண்ணுக்குப் போனா மூக்கு கனம், இல்லைன்னா எலிவேட்டர் (வாலில் மேலே கீழே அசையற மடிப்பு) கீழே இறங்கியிருக்கு.

மோட்டாரோட வீசும்போது த்ராட்டில் மூணுல ரெண்டு பங்கு. மேல் நோக்கி வீசவே வேண்டாம். வேற ஒருத்தர் வீசட்டும், உங்க ரெண்டு கட்டைவிரலும் குச்சியிலேயே இருக்கட்டும். கையை விட்ட அந்த அரை விநாடியில்தான் எல்லாம் நடக்குது.

எலிரான், எலிவேட்டர் அசைவு மேலே கீழே 10 மி.மீ. போதும். எக்ஸ்போ (குச்சியோட நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்குற அமைப்பு) 30. கூட்டல், கழித்தல் குறியை நம்பாதீங்க, திரையில் வரும் வளைவைப் பாருங்க: நடுவில் படுத்திருக்கணும். பெயில்சேஃப்ல (ரிமோட் சிக்னல் அறுந்தா என்ன செய்யணும்ங்கற அமைப்பு) த்ராட்டில் பூஜ்யம் வையுங்க. ப்ரொப்பைக் கழட்டிட்டு ரிமோட்டை அணைச்சுப் பார்த்து உறுதி பண்ணுங்க.

வாடைக்கரை:

இடம் பற்றிய கேள்விக்கு என் பதில்: கண்மாய். கடற்கரை வேண்டாம். காரணம் மணல் மட்டும் இல்லை, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான்.

கடல் அமைதியாக இருக்கும் கரையைத்தான் புதியவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மேற்கு, தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், தேவிபட்டினம், தொண்டி பக்கம் பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் இது அப்படியே மாறும். கடல் ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால். வள்ளத்துக்கு அது வசதி. நம் விமானத்துக்கு அது ஒரு வழிப் பயணம்: திருப்பத் தெரியாமல் தடுமாறும் ஒவ்வொரு விநாடியும் அது தண்ணீரை நோக்கித்தான் நகரும். அலையடிக்கும் கரையில் காற்று நிலத்துக்குத் தள்ளும், அது மேல். ஆனால் அந்த வேகத்தில் புதியவரால் பறக்க முடியாது. ஆக இரண்டு கரையும் உங்களுக்கு இல்லை. விடியற்காலையில் வரும் நிலக்காற்றும் கடல் பக்கம்தான் தள்ளும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காற்று? உங்கள் விமானத்தின் எடையையும் ரெக்கைப் பரப்பையும் வைத்துப் பார்த்தால் மணிக்கு சுமார் 25 கி.மீ.க்குக் கீழே அது தூக்காது. காற்றே 25 கி.மீ. அடித்தால், அந்தக் குறைந்த வேகத்தில் எதிர்த்துப் போகும்போது நின்ற இடத்தில் நிற்கும், திரும்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். பழகும் காலத்தில் 12 கி.மீ.க்கு மேல் பெட்டியைத் திறக்காதீர்கள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள்; நமக்கு அதில் கால்வாசியே அதிகம். பனை ஓலை சலசலத்தாலே யோசியுங்கள், ஓலை ஒரு பக்கமாகப் படுத்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள்.

மாதம்: பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை, காலை ஆறிலிருந்து எட்டரை. அதன்பின் வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணினியில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர்தான்.

கண்மாயில் எங்கே நிற்பது: கரைக்கும் மரங்களுக்கும் காற்று வரும் பக்கமாக. பனந்தோப்புக்குப் பின்னால் காற்று குறைவு என்று ஒளிந்துகொள்வது பெரிய தப்பு. மரத்தைத் தாண்டி வரும் காற்று சுழன்று கீழே இறங்கும், மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை அந்தக் கலக்கம் இருக்கும். சீமைக்கருவேலம் இல்லாத 100 மீட்டர் சதுரம் வேண்டும். அந்த முள் ஈபிஓ ஃபோமில் ஆணி மாதிரி இறங்கும். ரெக்கையின் முன்விளிம்பு முழுக்க நார் டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். எடை கூடுவது சில கிராம்தான்.

சாயல்குடிக்குப் பக்கத்தில் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். வறண்டு கிடந்தாலும் அங்கே போகாதீர்கள்.

சிவப்பு மண்டலம்:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லல. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் "காலி இடம் நிறைய கிடக்கே" என்று எடுத்துப் போகாதீங்க. டிரோன் விதிகள் 2021 நாலு விசிறி டிரோனுக்கு மட்டும் இல்லை, ரெக்கை வச்ச ஆளில்லா விமானத்துக்கும் பொருந்தும். 740 கிராம் என்றால் மைக்ரோ வகை (250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை). அரசோட டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்க கண்மாயைத் தேடிப் பாருங்க: பச்சை என்றால் 400 அடி வரை போகலாம், சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. வரைபடம் மாறும், கிளம்புற அன்னிக்கே பாருங்க. பச்சையாக இருந்தாலும் உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. கடலோர மாவட்டம், வானத்தில் எதுவும் பறந்தா விசாரிக்க ஆள் வரும்.

வாடைக்கரையோட ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். மோட்டார் இல்லாத சறுக்கல் சோதனைக்கு அலை தொடாத மணல் மேட்டை விட நல்ல மெத்தை கிடையாது. கண்மாய்த் தரை கோடையில் வெடிச்சு ஓடு மாதிரி இருக்கும்.

பெல்லும் பேரிங்கும்:

மெத்தைதான். ஆனா மோட்டாரைக் கழட்டி, அதே எடையில ஏதாவது கட்டிட்டுப் போங்க. கடற்கரை மணல்ல இருக்கிற கருமணல் துகள் காந்தத்துல ஒட்டும். 2212ல வெளிக்கூடுதான் சுத்துது, உள்பக்கம் முழுக்கக் காந்தம். ஒரு தடவை மூக்கு குத்தினாப் போதும், கரகரன்னு சத்தம் வரும். அந்த நேரத்துல "சுத்தினா வெளிய வந்துரும்"னு த்ராட்டில் கொடுத்தா சுருளோட எனாமல் உரிஞ்சு ஈஎஸ்சி புகையும்.

சரியான வழி: பேட்டரியைப் பிடுங்கு. தண்டோட பின்பக்க வளையத்தைக் கழட்டி கூட்டை இழு. செல்லோடேப்பின் ஒட்டுப் பக்கத்தைக் காந்தத்துல அமுக்கி அமுக்கி எடு, ஊதினா வராது. பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம், அதுவே மண்ணை இழுக்கும். செர்வோ கரகரத்தா பிளாஸ்டிக் பல்சக்கரத்துல மணல். திறந்து தூரிகையால தட்டு, பல் தேஞ்சிருந்தா மாத்திடு.

உப்பு: பறக்கவிட்டு முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு வையுங்க. ரிசீவர் பலகைக்கு நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு, பின்கள்ல படாம. கடல்ல விழுந்துட்டா உடனே பேட்டரியைப் பிரிச்சு, மத்த பாகங்களை நல்ல தண்ணியில அலசி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. அந்த லைப்போவை மட்டும் திரும்ப சார்ஜ் போடாதீங்க, வீட்டுக்குள்ளயும் கொண்டு வராதீங்க. எப்பத் தீப்பிடிக்கும்னு சொல்ல முடியாது.

பனங்காட்டு ரெக்கை:

ரொம்ப நன்றி அண்ணே. பேட்டரியை முன்னால தள்ளி 59ல நிக்குது. மோட்டார் இல்லாம சறுக்கினா நேரா 11 மீட்டர். சிமுலேட்டரில் விமானம் என்னை விட்டுப் போகும்போது ஓட்ட வருது. என்னை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பி தரையில போயிடுது. இறங்குறதும் வரல. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

வாடைக்கரை:

குழப்பத்துக்கு ஒரு வழி: விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த ரெக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். விழப்போகும் ரெக்கைக்குக் கீழே முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடம் வலம் யோசிக்கவே வேண்டாம். சிமுலேட்டரில் இது கை தானாகச் செய்யும் வரை, குறைந்தது பத்து மணி நேரம்.

முதல் பறப்பில் 40, 50 மீட்டர் ஏறி, பாதி த்ராட்டிலில் ட்ரிம் (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்க ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) பாருங்கள். திருப்பம் என்றால் எலிரானைக் கொஞ்சம் தள்ளி, 20 டிகிரி சாய்ந்ததும் நடுவுக்கு விட்டு, எலிவேட்டரை லேசாக இழுப்பது. எலிரானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சுருண்டு விழும். எப்போதும் உங்களுக்கு முன்னால், காற்று வரும் பக்கத்திலேயே வைத்திருங்கள். அந்த உயரத்திலேயே த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெல்ல இழுத்து, எங்கே ரெக்கை கைவிடுகிறது என்று பழகிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண் ஏமாறுவது. காற்றோடு போகையில் தரைக்கு மேல் வேகமாகத் தெரியும், உடனே த்ராட்டிலைக் குறைப்பீர்கள். ரெக்கைக்குத் தேவை காற்றை எதிர்க்கும் வேகம். அது ஏற்கனவே குறைவு. திரும்பும் இடத்தில் குப்புற விழும். ஆகவே காற்றோடு போகும்போது த்ராட்டிலைத் தொடாதீர்கள். எதிர்க்காற்றுக்குத் திரும்பி நேரானபின் கால்வாசிக்கு இறக்கி, இடுப்பு உயரத்தில் மூடி, எலிவேட்டரை ஒரு நூல் இழுங்கள். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், கண்மாய் வெடிப்பில் மாட்டிக் கவிழ்க்கும். வயிற்றில் டேப் ஒட்டி இறக்கினால் போதும்.

பெல்லும் பேரிங்கும்:

பேட்டரி: 2200ல எண்பது சதவீதம்தான் பயன்படுத்தலாம், 1760 எம்ஏஎச். சராசரி 8 ஆம்பியர் இழுத்தா 13 நிமிஷம். ரிமோட் டைமரை 8 நிமிஷத்துக்கு வையுங்க, ரெண்டு தடவை இறங்குறதைத் தவறவிட்டாலும் மிச்சம் இருக்கும். இறங்கின பிறகு ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழ போயிருந்தா டைமரைக் குறைங்க. சார்ஜ் 2.2 ஆம்பியர், மணல் போட்ட மண்சட்டியில வச்சு, ஆள் பக்கத்துல இருந்து. மறுநாள் பறக்கலைன்னா செல்லுக்கு 3.8ல நிறுத்தி வையுங்க. பைக் பெட்டிக்குள்ள வெயில்ல விட்டா உப்பிடும்.

இன்னொண்ணு, உடைஞ்ச ஃபோமை ஹாட் க்ளூவால ஒட்டுறீங்கன்னா மோட்டார் பலகைக்கு மட்டும் அது வேண்டாம், மோட்டார் சூட்டுலயும் ஏப்ரல் வெயில்லயும் இளகும். அங்கே எப்பாக்ஸி. பருந்து வட்டமடிச்சா உடனே இறக்கிடுங்க.