ஆன்டிஆக்ஸிடன்ட்: தடுப்பானா, எதிரியா, ஈகியா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். வெப்பமண்டலப் பழமரங்களில் உள்ள வேதிப்பொருள்கள் பற்றிய கல்லூரிப் பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். மாவிலையிலும் பட்டையிலும் உள்ள மாங்கிஃபெரின், மங்குஸ்தான் தோலில் உள்ள மாங்கோஸ்டின் இரண்டும் சாந்தோன் என்ற வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை ஒலிபெயர்த்துவிட்டேன். இடிப்பது ஆன்டிஆக்ஸிடன்ட்தான், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான் செயல்திறன் மதிப்பீட்டு முறை' என்று ஒரு துணைத்தலைப்பே வந்து நிற்கிறது. சுருக்கமாக ஏதாவது சொல்லுங்களேன்.

புலவர் ஐயா:
ஒரு பொடியை ஏன் ஆண்பாலாக்குகிறீர்கள்? மண்வெட்டி, காற்றாடி என்று கருவிக்கு இகர விகுதி இருக்கிறதே. தடுப்பி போதும். ஆக்சிஜனும் வேண்டாம். 'நிலம் தீ நீர் வளி விசும்பு' என்று தொல்காப்பியர் அடுக்கியதில் வளி இருக்கிறது. உயிர்வளியேற்றத் தடுப்பி என்க.

வேதியியல் ஆசிரியை:
ஐயா, இகரம் சரி. ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜனொடுக்கி என்று வகுப்பில் சொல்லித்தான் வருகிறோம். ஆனால் உயிர்வளி ஒட்டாது. ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழப்பது. ஆக்சிஜன் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தடுக்கும் திறனை அளக்க இந்தப் பாடத்தில் வரும் டிபிபிஎச் சோதனையையே பாருங்கள். டிபிபிஎச் என்பது ஓர் ஊதாப் பொருள். அதன் ஊதாக் கரைசலில் இலைச்சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கிறது. 517 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வு குறைகிறது. அந்த ஊதாப் பொருளில் சோடியில்லாத எலக்ட்ரான் இருப்பது நைட்ரஜனில். சாற்றில் உள்ள ஃபீனால் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்குகிறது, அவ்வளவுதான். இதில் உயிர் எங்கே, வளி எங்கே?

புலவர் ஐயா:
அப்படிப் பார்த்தால் ஆக்சிஜனே பிழைச்சொல்தானே அம்மா? 1777இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 'புளிப்பை உண்டாக்குவது' என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய பெயர் அது. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கிடையாது என்று 1810இல் ஆங்கில வேதியியலாளர் டேவி காட்டிவிட்டார். பிழையான கிரேக்கம் ஆகும், ஓரளவு சரியான தமிழ் ஆகாதோ? இன்னொரு யோசனை. இப்பொருள்களில் பல துவர்ப்பவை. 'துவரி' என்று வையுங்கள். துவர் என்பது செந்நிறமும்கூட. துவர்வாய், துவராடை எல்லாம் அந்த வழி வந்தவைதான். சுவையையும் நிறத்தையும் ஒரே சொல்லில் கட்டிய மொழி நம்முடையது. இதற்கு மேல் விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இலங்கை அன்பர்:
துவரிக்குள் விட்டமின் சி எப்படி அடங்கும்? அது புளிப்பு. சிவப்புப் பப்பாளியின் லைக்கோபீன் துவர்ப்பதே இல்லை. எங்கள் பள்ளிப் புத்தகங்களில் ஒட்சியேற்றம் (உங்கள் ஆக்சிஜனேற்றம்), தாழ்த்தல் (உங்கள் ஒடுக்கம்) என்றுதான் படித்தோம். 'ஒட்சியேற்ற எதிரி' என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் ஃப்ரீ ராடிக்கலுக்கு, அதாவது சோடியில்லாத எலக்ட்ரான் உள்ள பொருளுக்கு, நாங்கள் சொல்லும் சுயாதீன மூலிகத்தை இந்தப் பாடத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். 'மூலிகை மூலிகத்தை அடக்கும்' என்று எழுதினால் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

வேதியியல் ஆசிரியை:
ஃப்ரீ ராடிக்கலுக்கு எங்கள் 'தனி உறுப்பு' மட்டும் என்ன வாழ்கிறது? 'தனி உறுப்புகள் உடலுறுப்புகளைத் தாக்குகின்றன' என்று ஒரு வரி வந்தால் எது எதைத் தாக்குகிறது?

மருந்தியல் மாணவர்:
பெரியவர்களுக்கு வணக்கம். தடுப்பி, எதிரி இரண்டுமே சண்டைக்குப் போகும் சொற்கள். இவற்றில் பல தாமே ஆக்சிஜனேற்றமடைந்து பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றுகின்றன. தன்னைக் கொடுப்பதால் 'ஈகி' எனலாமா?

புலவர் ஐயா:
நல்ல சொல் தம்பி. ஆனால் 'மாவிலை ஈகிகள்' என்று தலைப்பிட்டால் விடுதலைப் போராட்ட வரலாறு என்று எடுத்துப் படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை காலை கெடு. முதலில் வருமிடத்தில் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி', அடைப்புக்குறிக்குள் ஆன்டிஆக்ஸிடன்ட், அப்புறம் வெறும் 'தடுப்பி'. ஃப்ரீ ராடிக்கலை ஒலிபெயர்த்தே விடுகிறேன். மறுப்பு உண்டா?

இலங்கை அன்பர்:
விவாதித்துக் களைத்ததால் சம்மதம். 'எதிரி'க்கு அடிக்குறிப்பிலாவது ஓர் இடம் கொடுங்கள்.

புலவர் ஐயா:
தடுப்பிக்குச் சம்மதம். ஆக்சிஜனுக்கு இல்லை. பதிவில் இருக்கட்டும்.

வேதியியல் ஆசிரியை:
சரி, ஆனால் ஒன்று. ஐசி 50ஐ 'அரைத்தடுப்புச் செறிவு' என்று போட்டிருக்கிறீர்கள். இப்போது 'தடுப்பியின் அரைத்தடுப்புச் செறிவு' என்றால் தடுப்பியையே தடுக்க எவ்வளவு வேண்டும் என்று படிக்க வருகிறது. ராடிக்கலில் பாதியை அடக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதுதான் பொருள். எண் குறையக் குறைய வலிமை கூடுதல். மாணவர்கள் தடுமாறும் இடமே அதுதான். 'பாதியடக்கு செறிவு' எப்படி?

புலவர் ஐயா:
அடக்கு பிறவினை, அடங்கு தன்வினை. இங்கே எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்வோம்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கோப்பை அனுப்பியாகிவிட்டது. மெய்ப்பு வரும்போது பார்ப்போம். அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.